வருத்தம் ஏதும் உண்டா?

கிள்ளான்
11 மே 1992

மதிப்பிற்குரிய குணபூசணி மிஸி அவர்களுக்கு,

கம்போங் மேடான் வீரம்மாவின் இடது கன்னத்துக்குள் இருப்பது புற்றுநோய்தான். இன்று காலை உறுதியானது. சொன்னவர் மருத்துவமனை வாய்ப்பிரிவின் டாக்டர் லீ. அவர் சொன்னபோது வீரம்மாவும் அவர் கணவர் பக்கிரிசாமியும் நானும் அந்த அறையில் இருந்தோம். டாக்டர் மலாய்மொழியில் சொன்னார். இரண்டாம் முறை சொல்லும்படி யாரும் கேட்கவில்லை.

பக்கிரிசாமி லோரி ஓட்டுபவர். நாக்குப் புற்றிலிருந்து நான் குணமான கதையைப் படத்தோடு எங்கள் பத்திரிகையில் போட்டிருந்தார்கள் அல்லவா, அதைப் பார்த்துவிட்டுச் சென்ற மாதம் என் வீட்டைத் தேடி வந்தார். "பொண்டாட்டி வாயில என்னமோ இருக்குண்ணே, காட்டவே மாட்டேங்குறா" என்றார். நான்தான் இருவரையும் டாக்டர் லீயிடம் அழைத்துப் போனேன். போகும் வழியில் வீரம்மா ஒன்று சொன்னார்: "ஆராய்ச்சி மிஸி ஒருத்தங்க வந்து எல்லாம் கேட்டுட்டுப் போனாங்களே." எந்த நர்ஸ் மிஸி என்றேன். அவர் சொன்ன அடையாளங்கள் உங்களுடையவை.

உங்களுக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன். முதலிலிருந்து எழுதினால்தான் எனக்குத் தெளிவாகும், நிருபனின் தொழில் பழக்கம். வெற்றிலையும் புகையிலையும் போடும் நம் பெண்களுக்கு வாய்ப்புற்று எப்படி வருகிறது என்று அறிய இந்த ஆராய்ச்சி நடக்கிறது. நீங்கள் வீடு வீடாகப் போய்க் கேள்விகளை வாசிக்கிறீர்கள். நோய் உண்டு என்று சொல்பவர்களின் வாயைப் பல் டாக்டர் பார்க்கிறார். இல்லை என்று சொல்பவர்கள் நோயில்லாதவர்கள் பக்கம் சேர்க்கப்படுகிறார்கள். அவர்கள் வாயை யாரும் பார்ப்பதில்லை.

ஆராய்ச்சிப் பிரிவில் விசாரித்தேன். வீரம்மா நோயில்லாதவர்கள் பக்கத்தில் இருக்கிறார். அக்டோபரில் நீங்கள் கேட்டபோதே புண் இருந்தது என்று அவரே சொல்கிறார். குழம்பில் காரம் சேர்த்துக்கொள்ள முடியாமல் தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தாராம்.

அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது? ஆலோசனைக் குழுவில் நோயாளிகள் சார்பாக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் கேட்கிறேன். தொலைபேசியில் கேட்டிருப்பேன். ஆனால் நாக்கில் பாதியை எடுத்தபின் நான் பேசுவது எதிர்முனைக்கு விளங்குவதில்லை. பாதிப்பேர் 'ராங் நம்பர்' என்று வைத்துவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
நஜ்முதீன்


பிரிக்பீல்ட்ஸ்
16 மே 1992

திரு. நஜ்முதீன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீரம்மாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்தவ, சட்டையைக்கூட மாற்றாமல் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தா. அவவுக்கு இப்படி வந்ததை வாசித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இருந்த தொனி எனக்குப் பிடிக்கவில்லை. நான் கேட்காமல் விட்டேன் என்று நினைக்கிறீர்கள். கேட்டேன். அச்சடித்தபடி, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் வாசித்தேன். அதுதான் விதி. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரிக் கேட்டால் பதில்களை ஒப்பிட முடியாது என்று ஆராய்ச்சித் தலைவர் டாக்டர் வீரசிங்கம் முதல் நாளே சொல்லிவிட்டார். வீரம்மா சிரித்துக்கொண்டு இல்லை என்றா. இரண்டு முறை இல்லை என்றா.

டாக்டரிடம் இதைப் பற்றிக் கதைத்தேன். நம் பெண்கள் உள்ளதை மறைப்பார்கள், இல்லாததைச் சொல்வார்கள் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உண்டு என்று சொல்லி வாயைக் காட்ட வந்தவர்களில் அநேகம் பேருக்கு ஒன்றுமே இருக்கவில்லை. பல் டாக்டர் எரிச்சல்பட்டார்.

முப்பது வருடம் வார்டில் நின்றவள் நான். நோயாளியிடம் எப்படிக் கேட்பது என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். நாலு நாளாக எனக்கும் வருத்தம். எழும்பி நடமாட முடியவில்லை, பனடோல் போட்டும் குறையவில்லை. இன்றுதான் பேனாவைப் பிடிக்கிறேன்.

குணபூசணி


கிள்ளான்
21 மே 1992

மதிப்பிற்குரிய மிஸி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நாலு நாளாக வருத்தம் என்று படித்ததும் சங்கடமாகிவிட்டது. என் கடிதம் ஒருவரை நாலு நாள் எழுந்திருக்க விடாமல் செய்துவிட்டதே என்று மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் எழுதினேன். தபாலில் போடவில்லை. போடாததற்கான காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கம்போங் மேடான் போனேன். வீரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. நானும் அரைகுறையாகப் பேசுபவன். பக்கிரிசாமி நடுவில் உட்கார்ந்து, "ரெண்டு பேருக்கும் நான்தான் மைக்கு" என்றார்.

மிஸி கேட்டபோது ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எதை இல்லைன்னேன்?"

"நோயை."

"நோயப் பத்தி அவங்க எங்கண்ணே கேட்டாங்க? வெத்தலைய கேட்டாங்க, போயிலைய கேட்டாங்க, எத்தன புள்ளைன்னு கேட்டாங்க. அப்புறம் வருத்தம் ஏதும் உண்டான்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு யார் மேல என்னா வருத்தம்? இல்லைன்னேன். திரும்பவும் கேட்டாங்க. நம்ம வீடு தேடி வந்து உக்காந்து பேசுறாங்க, அவங்ககிட்ட போயி இந்த ஆளு சம்பளத்துல பாதிய குடிச்சிடுறான்னு சொல்ல முடியுமா? சிரிச்சிக்கிட்டே இல்லைங்க மிஸின்னுட்டேன்."

"சொல்லியிருக்கலாம்லா," என்றார் பக்கிரிசாமி. "சொல்லியிருந்தா அன்னைக்கே வாயப் பாத்திருப்பாங்க."

அவர் அதை விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. வீரம்மா மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். வருத்தம், பனடோல் போட்டும் குறையவில்லை. மனவருத்தத்துக்கு யாரும் பனடோல் மாத்திரை போடுவதில்லை. உங்களுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது, அல்லவா? இலங்கைத் தமிழர் வீடுகளில் உடம்பு சுகமில்லாததை வருத்தம் என்பீர்கள் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர் மனைவி யாழ்ப்பாணம்.

எங்களுக்கு அது நோய் இல்லை, மிஸி. மனத்தாங்கல். ஒருவர் மேல் ஒருவருக்கு இருப்பது. செந்தூல், கிள்ளான், கம்போங் மேடான், நீங்கள் வாசித்துக்கொண்டு போன வீடுகளில் எங்கு கேட்டாலும் அதுதான் பொருள்.

உண்டு என்று சொல்லி, வாயில் ஒன்றும் இல்லாமல் வந்த பெண்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்களில் ஒருவர், செந்தூல் சீதாலெட்சுமி, எனக்குத் தெரிந்தவர். அவரையும் பார்த்தேன். "மருமக மேல வருத்தம்னு சொன்னேன், அதுக்கு எதுக்குங்க வாயத் தொறக்கச் சொன்னாங்க?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால், கோபம் உள்ளவர்களின் வாயைப் பார்த்திருக்கிறோம். புண் உள்ளவர்களை விட்டிருக்கிறோம். வீரம்மா ஒருவர் மட்டும்தான் என்று நம்ப என்னால் முடியவில்லை. இல்லை என்று சொன்ன மற்றவர்களை உடனே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

காய்ச்சல் இப்போது எப்படி இருக்கிறது?

நஜ்முதீன்


பிரிக்பீல்ட்ஸ்
30 மே 1992

திரு. நஜ்முதீன் அவர்களுக்கு,

காய்ச்சல் போய்விட்டது.

அந்தக் கேள்வியை எழுதியவள் நான். டாக்டர் ஆங்கிலத்தில் தந்ததைத் தமிழாக்கினேன். நோய் என்ற சொல்லை ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு எப்படிக் கேட்பது என்று யோசித்துத்தான் அதைத் தவிர்த்தேன். எங்கள் வீட்டில் படுக்கையில் கிடப்பவர் வருத்தக்காரர். அதைவிட மெல்லிய சொல் எனக்குத் தெரியாது. வார்டில் இருந்தபோது எங்க வலி என்று விரலால் தொட்டுக் கேட்பேன். அங்கே சொல்லே தேவைப்படவில்லை. தாளில் எழுத உட்கார்ந்தபோது என் வீட்டுத் தமிழ்தான் வந்தது.

ஆனால் அச்சுக்குப் போகும் முன் அதை வாசித்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் நீங்கள். நோயாளிகளுக்கு விளங்குமா என்று பார்த்துச் சொல்லத்தான் உங்களைக் குழுவில் போட்டார்கள். "மிகவும் நன்று" என்று எழுதித் திருப்பி அனுப்பினீர்கள். அதோடு நிற்கவில்லை. உங்கள் பத்திரிகையில் ஒரு செய்தியும் போட்டீர்கள். வெட்டி வைத்திருக்கிறேன். தலைப்பு: "நோயாளிகளின் வருத்தத்தையும் கேட்கும் முதல் ஆராய்ச்சி." நோயாளியிடம் நோயைக் கேட்காமல் வேறெதைக் கேட்பது, இந்த மனிசனுக்கு எழுத வேறு விசயம் கிடைக்கவில்லையா என்று அன்றைக்கு நான் சிரித்தேன். உங்களுக்கு அப்போது என்ன விளங்கியது என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

டாக்டர் வீரசிங்கத்திடம் சொன்னேன். அவரும் எங்கள் ஆள்தான். அவருக்கும் அது நோய்தான். ஒரு சொல்லுக்காக எல்லாரையும் திரும்பக் கூப்பிட முடியாது, ஜூலைக் கடைசியில் மாநாட்டில் வாசிக்கக் கட்டுரை போய்விட்டது என்றார். இதை நீங்கள் பத்திரிகையில் போட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும். அதைவிட, அந்தப் பெண்கள் இனி எந்த மிஸியையும் வாசலுக்குள் விடமாட்டார்கள். போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குணபூசணி


கிள்ளான்
8 ஜூன் 1992

மிஸி அவர்களுக்கு,

நீங்கள் எழுதியது சரி. அந்த வரிகளை நான் இப்படித்தான் வாசித்தேன்: வருத்தம் ஏதும் உண்டா, எவ்வளவு காலமாக, யாரிடமாவது சொன்னீர்களா. மருத்துவமனையில் நான் படுத்திருந்த மாதங்களில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கடைசியில் கேட்க ஒருவர் வந்தார் என்று சந்தோஷப்பட்டேன். என் மனதில் இருந்ததை அந்தத் தாளில் படித்துக்கொண்டேன்.

நான் நோயாளி என்பதால் என்னைக் குழுவில் உட்கார வைத்தார்கள். எனக்கு வந்தது சிகரெட்டால். வெற்றிலை போட்டதில்லை, ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனில்லை, கையுறைத் தொழிற்சாலையில் நின்றதில்லை. கேள்வி யாருக்காக எழுதப்பட்டதோ, அவர்களில் ஒருவரும் அந்த மேசையில் இல்லை. ஒரு வீரம்மாவிடம் முதலில் வாசித்துக் காட்டியிருந்தால் அன்றைக்கே சிரித்திருப்பார்.

செய்தியை எழுதி முடித்துவிட்டேன். ஆசிரியரிடம் கொடுக்கவில்லை. அந்தப் பெண்களின் வாயை டாக்டர்கள் பார்க்கும்வரை கொடுக்க மாட்டேன். பார்க்கவே மாட்டோம் என்றால் மறுநாளே கொடுப்பேன். மிரட்டுவதாக நினைக்க வேண்டாம். நான் செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்கிறேன்.

குழு 17ஆம் தேதி கூடுகிறது. வீரம்மாவுக்கு அறுவை சிகிச்சையும் அன்றுதான். பக்கிரிசாமி தனியாக இருக்கப் பயப்படுகிறார். அவரோடு இருப்பதாக ஒப்புக்கொண்டேன். நான் குழுவுக்கு வந்தாலும் பயனில்லை. போன கூட்டத்தில் நான் பேசியபோது எல்லாரும் தலையாட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பதை அவர்கள் தலையாட்டிய விதத்தில் தெரிந்துகொண்டேன்.

ஆகவே கீழே இருப்பதை நீங்கள் வாசிக்க வேண்டும். உங்கள் விதிப்படி, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்.

"கேள்வியில் இருந்த ஒரு சொல், கேட்டவருக்கு நோய் என்றும் பதில் சொன்னவருக்கு மனத்தாங்கல் என்றும் பொருள்பட்டது. அதனால் நோயுள்ள ஒருவராவது நோயில்லாதவர் பக்கம் போயிருக்கிறார். அவருக்கு இன்று அறுவை சிகிச்சை. சொல்லை எழுதியவர் முப்பது ஆண்டு நோயாளிகளைப் பார்த்தவர், நல்லெண்ணத்தில் எழுதினார், அவர் மேல் குற்றமில்லை. அதைப் படித்து ஒப்புதல் தந்தவன் நான். இல்லை என்று சொன்ன ஒவ்வொரு பெண்ணின் வாயையும் இந்த மாதத்துக்குள் பார்க்கக் கோருகிறேன். இனிக் கேட்கப்போகும் கேள்வியை அந்தப் பெண்களே எழுதட்டும்."

நஜ்முதீன்


பிரிக்பீல்ட்ஸ்
19 ஜூன் 1992

தம்பி நஜ்முதீனுக்கு,

வயதில் நான் மூத்தவள். இனித் 'திரு' போட்டு எழுதப்போவதில்லை.

வாசித்தேன். நான்காவது வரியை மட்டும் வாசிக்கவில்லை. என் மேல் குற்றமில்லை என்பதை என் வாயாலேயே எப்படி வாசிப்பது? விதியை மீறினேன். உங்களுக்கு எழுதிவிடுகிறேன், குழுவுக்குச் சொல்லவில்லை.

முடித்ததும் டாக்டர் வீரசிங்கம் என்னைப் பார்த்து, "அப்ப உண்டெண்டு சொன்ன ஆக்கள்?" என்றார். ஆங்கிலத்தை விட்டு வீட்டுப் பேச்சில் கேட்டார்.

"அவைக்கு வீட்டுக்காரரோட கோபம், டாக்டர்."

யாரோ சிரித்தார்கள். கணக்குப் பார்க்கும் சீனப் பெண் மிஸ் டான் என்ன பகிடி என்று கேட்டா. சொல்லி விளங்கப்படுத்த வேண்டி வந்தது. விளங்கியதும் அவ தன் கணக்குக் கோப்பை மூடி வைத்துவிட்டு, "அப்படியென்றால் என்னிடம் இருப்பது யார் வாயின் கணக்கு?" என்றா.

ஜூலை 5, ஞாயிற்றுக்கிழமை, கம்போங் மேடான் கோயில் மண்டபத்தில் இரண்டு பல் டாக்டர்கள் வருவார்கள். செந்தூலுக்கும் கிள்ளானுக்கும் தேதி பிறகு சொல்வார்களாம். கட்டுரையை நிறுத்துவது பற்றி டாக்டர் முடிவு சொல்லவில்லை. யோசிக்க வேண்டும் என்றார். புதுக் கேள்வியைப் பெண்களிடமே கேட்கச் சொல்லி என்னிடம் விட்டார்கள். வேறு யாரிடமாவது விட்டிருக்கலாம் என்று வெளியே வந்தபின்தான் நினைத்தேன்.

வீரம்மாவின் அறுவை எப்படிப் போனது? தாடையை எடுத்தார்களா? நேற்று வார்டுக்குப் போனேன். வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். முப்பது வருடத்தில் ஒரு வார்டு வாசலில் நான் திரும்பியது இதுதான் முதல் தடவை.

குணபூசணி அக்கா


கிள்ளான்
23 ஜூன் 1992

அக்காவுக்கு,

தாடையில் ஒரு பகுதியும் கன்னமும் எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கழுத்திலும் வெட்டினார்கள். டாக்டர் லீ சொன்னது: வெட்டிய ஓரங்களில் புற்று மிச்சமில்லை. அதற்குமேல் அவர் உறுதி தரவில்லை, நானும் கேட்கவில்லை.

உள்ளே போங்கள். வீரம்மா உங்களைத்தான் கேட்டார். பேச முடியாது, சிலேட்டுப் பலகை கொடுத்திருக்கிறார்கள். "மிஸி" என்று எழுதிக் கேள்விக்குறி போட்டார். அவருக்கு நடந்தது தெரியும். நான் சொல்வதற்கு முன்பே பக்கிரிசாமி சொல்லிவிட்டார்.

5ஆம் தேதி சந்திப்போம்.

நஜ்முதீன்


பிரிக்பீல்ட்ஸ்
8 ஜூலை 1992

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் வந்திருக்க வேண்டியது.

அதற்கு முதல் கிழமையே வீரம்மா வீட்டில் பெண்கள் ஆறேழு பேரை உட்கார வைத்துப் புதுக் கேள்வியைக் கேட்டேன். வார்டிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்றே நாள், துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு அவ மூலையில் இருந்தா. உள்ளே போனதும் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். அவ எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி வைத்தா. பக்கிரிசாமி தடுத்தும் கேட்கவில்லை.

எப்படிக் கேட்டால் விளங்கும் என்றேன். சீக்குன்னு கேளுங்க என்றா ஒருத்தி. சீக்குன்னா கோழிக்குத்தான், மூஞ்சியிலேயே அடிப்பேன் என்றா இன்னொருத்தி. நோவு என்றா மூன்றாவது ஆள். நோவுன்னா வலிக்கணும், இது வலிக்கவே இல்லையே என்றார்கள். வீரம்மா சிலேட்டை வாங்கி ஒரு சொல் எழுதித் தந்தா: சம்பல்.

அந்த மிளகாய்ச் சம்பல்தான் இப்போது எங்கள் கேள்வி. "முன்ன மாதிரி சம்பல் சாப்பிட முடியுதா? எரியுதா?" இதற்குப் பொய் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. வெட்கப்படவும் இல்லை.

ஆனாலும் ஞாயிறு காலை மண்டபம் காலியாகத்தான் கிடந்தது. இராஜம்மா என்ற பெண் வாசல்வரை வந்து, உள்ளே வர மாட்டேன் என்று நின்றா. அக்டோபரில் அவவும் இல்லை என்று சொன்னவ. "வீரம்மா வாயத் தொறந்தா, பாதி மூஞ்சிய வெட்டிட்டாங்க. எனக்கு என் மூஞ்சி போதும்" என்றா. அவவுக்குப் பின்னால் வந்த நாலு பேரும் திரும்பினார்கள்.

வீரம்மா ஒரு நாற்காலியை இழுத்து வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தா. துண்டை அவிழ்த்து மடியில் வைத்தா. தையல் எல்லாம் தெரிந்தது. திரும்பிப் போகிறவர்களை ஒவ்வொருவராக விரலால் கூப்பிட்டா. சத்தம் இல்லை, விரல் மட்டும்தான்.

"நீ ஏசுனாகூட தாங்கலாம்லா, இப்படிக் கூப்பிடாதடி" என்றா இராஜம்மா. பிறகு உள்ளே வந்தா.

வர வேண்டியவர்களில் பாதிக்கு மேல் வந்தார்கள். நாலு பேருடைய வாயிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். இராஜம்மாவும் அதில் ஒருத்தி. வராதவர்கள் வீட்டுக்கு இந்தக் கிழமை நான் போகிறேன். செந்தூல், கிள்ளான் தேதிகள் இன்னும் வரவில்லை.

இனி உங்கள் விசயம். வருகிறேன் என்று எழுதிவிட்டு நீங்கள் வரவில்லை. ஆளும் இல்லை, கடிதமும் இல்லை. பக்கிரிசாமியைக் கேட்டேன், தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே வெளியூரு" என்றான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. நான்காவது வரியை நான் வாசிக்காமல் விட்டது கோபமா? அல்லது செய்தியைப் போடவிடாமல் இத்தனை நாள் பிடித்து வைத்தேன் என்றா? எதுவானாலும் நேரே எழுதுங்கள். கேட்க எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை, பழைய சொல்லையே கேட்கிறேன்.

வருத்தம் ஏதும் உண்டா?

குணபூசணி அக்கா


கோலாலம்பூர்
12 ஜூலை 1992

அக்காவுக்கு,

முகவரியைப் பார்த்திருப்பீர்கள். 3ஆம் தேதி முதல் இங்கே இருக்கிறேன். வாய்ப்பிரிவு வார்டு, சன்னலோரக் கட்டில். கழுத்தில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் தட்டியது ஏப்ரல் மாதம். வீரம்மாவை டாக்டர் லீயிடம் கூட்டிக்கொண்டு போன அன்று நானும் காட்டியிருக்கலாம். அதே அறை, அதே டாக்டர். பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, நான் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன். என்னிடம் யாரும் தவறான சொல்லில் கேட்கவில்லை. யாரும் கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை.

பக்கிரிசாமியைத் திட்ட வேண்டாம். வெளியூர் என்று சொல்லச் சொன்னவன் நான். ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலில், குணமானவன் என்று படம் போட்ட ஆளுக்கே திரும்ப வந்துவிட்டது என்று யாராவது சொல்லியிருந்தால், வீரம்மாவின் விரல் போதாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தது சரிதானா என்று தெரியவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில். உங்கள் தமிழில், உண்டு. என் தமிழில், இல்லை.

செய்தியை நேற்று ஆசிரியருக்குக் கொடுத்து அனுப்பினேன். செந்தூலையும் கிள்ளானையும் தேதி சொல்லாமல் இழுத்தடிக்கிறார்கள். அது எழுதினால்தான் நகரும். உங்கள் பெயர் அதில் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. சம்பல் கேள்வி முழுதாக இருக்கிறது, படிப்பவர்கள் அதைத் தங்கள் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமை, 18ஆம் தேதி வரும். கட்டுரையை மாநாட்டிலிருந்து எடுப்பதா என்று டாக்டர் வீரசிங்கம் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்வதாக மிஸ் டான் எனக்கு எழுதியிருக்கிறார். எடுக்காவிட்டால் தன் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறார்.

இராஜம்மா உட்பட நாலு பேருடைய சதையும், என் கழுத்திலிருந்து எடுத்ததும், ஒரே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன. ஐந்து முடிவுகளும் வியாழக்கிழமை காலை, 16ஆம் தேதி, வருமென்று டாக்டர் லீ சொன்னார். இராஜம்மா தனியாக வர மாட்டாராம். வீரம்மா கூட்டிக்கொண்டு வருகிறார். நீங்களும் வாருங்கள். இந்த முறை வாசலில் நிற்க வேண்டாம்.

நஜ்முதீன்